பாயிண்ட் ஏழு

காசிமேட்டு ஃபிட்டர் டில்லிபாபுவிடம் ‘இது அதுக்குச் சேராது’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். எந்தக் கம்பெனி எஞ்சினிலும் எந்தக் கம்பெனிச் சாமானையும் அவர் போடுவார். சாமான் சிறிதாக இருந்தால் உள்ளே தகடு சுற்றுவார், பெரிதாக இருந்தால் துளையைக் குடைவார். முப்பது வருடமாக அந்த மீன்பிடித் துறைமுகத்தின் பாதி விசைப்படகுகள் அவர் கைபட்ட எஞ்சின்களோடுதான் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுகூட நடுக்கடலில் நின்றது கிடையாது. ஆகவே அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்ததில் தப்பில்லை. தொழிலில் தேறிய மனிதனுக்கு அந்த அளவுக்காவது இருக்கத்தான் வேண்டும். ஆனால் தலைக்கனத்துக்குத் தன் பட்டறை எது, பிறத்தியார் பட்டறை எது என்று தெரிவதில்லை.

அவருக்கும் முத்தம்மாவுக்கும் ஒரே மகள், நர்மதா. வயது பதினெட்டு, உயரம் நாலடி பதினொரு அங்குலம். அந்த உயரத்தை வைத்துக்கொண்டு அவள் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் போனாள். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளா என்று முத்தம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மீன் கூடையோடு ஏலக்கூடத்தில் நின்று பத்துப் பேரை வாயாலேயே மடக்குகிறவளால் பெற்ற மகளை மட்டும் மடக்க முடியவில்லை. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிக் கொட்டி மேடாகிக் கிடக்கிறதே, அதுதான் நர்மதாவுக்கு மலை. விடிந்ததும் அங்கே போய்விடுவாள். திரும்பி வரும்போது புருவம் வரைக்கும் நரைத்திருக்கும்.

அவளைக் கண்டுபிடித்தது ஜானட். பயிற்சியாளர், ராயபுரத்துக்காரர், ஒரு காலத்தில் தானும் சைக்கிள் பந்தயங்களுக்குப் போனவர். பள்ளிக்கூடப் போட்டி ஒன்றில் ஓட்டை சைக்கிளில் இந்தச் சின்னப்பெண் முந்தி வந்ததைப் பார்த்து, தன் கிளப்புக்குச் சொந்தமான நல்ல சைக்கிள் ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை வைத்தார். டயர் மாற்றலாம், செயினுக்கு எண்ணெய் விடலாம், மற்றபடி தன்னைக் கேட்காமல் சைக்கிளில் யாரும் கைவைக்கக் கூடாது. வைத்தால் அன்றோடு சைக்கிள் கிளப்புக்குத் திரும்பிவிடும். நர்மதா தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற டில்லிபாபுவும் தலையாட்டினார்.

மாநில அணிக்கான தேர்வு வருடத்துக்கு ஒருமுறைதான். பத்தொன்பது வயதுக்குட்பட்டோரில் முதலில் வருகிற இரண்டு பெண்களை எடுப்பார்கள். போன வருடம் நர்மதா மூன்றாவதாக வந்தாள். ஏற்றத்தில் எல்லோரையும் விட்டுவிட்டு மேலே போனவள், இறக்கத்தில் பறிகொடுத்தாள். காலில் வலு இல்லாமலா? இல்லை, மனதில் பயமா? இரண்டும் இல்லை. சீட்டுதான் காரணம்.

ஏற்றத்தில் கால் முழுக்க நீண்டு மிதிக்க வேண்டுமென்றால் சீட்டு உயரமாக இருக்க வேண்டும். செங்குத்தாக இறங்கும்போது அதே உயரமான சீட்டு அடிவயிற்றில் முட்டி ஆளைக் குப்புறத் தள்ளும். உயரமானவர்கள் எப்படியோ உடம்பைப் பின்னால் தள்ளிச் சமாளித்துவிடுவார்கள். நர்மதா ஒவ்வொரு உச்சியிலும் இறங்கி நின்று, பூட்டைத் தளர்த்திச் சீட்டைத் தாழ்த்தி, மறுபடி ஏறிப் போனாள். நாலு சுற்று, நாலு முறை. இரண்டாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் இடையே இருந்தது ஒன்பது வினாடி. அன்று வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. சோறு மட்டும் வேண்டாம் என்றாள்.

இதற்கு ஒரு வழி இருந்தது. டிராப்பர் சீட்போஸ்ட் என்று பெயர். சீட்டைத் தாங்குகிற கம்பிதான், ஆனால் உள்ளே விசை வைத்தது. ஹேண்டில்பாரில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட்டு தாழ்ந்துவிடும், எழுந்துகொண்டு அழுத்தினால் தானே மேலே வந்துவிடும். ஓடுகிற சைக்கிளை நிறுத்தவே வேண்டாம். வைத்துக்கொள்ளலாம் என்று ஜானட்டும் ஒப்புக்கொண்டுவிட்டார். வாங்குவது பெரிதில்லை, சரியான அளவில் வாங்குவதுதான் வித்தை என்றார்.

நர்மதா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அளந்தாள். அப்பாவின் வெர்னியர் அளவுகோலைக் கேட்டு வாங்கி, அந்தக் கம்பி இறங்குகிற சைக்கிள் குழாயின் வாயை மூன்று முறை அளந்து, முப்பது புள்ளி ஒன்பது மில்லிமீட்டர் என்று எழுதினாள். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு காலை அளக்கச் சொல்லி அம்மாவைப் படுத்தினாள். இறங்கும் அளவு நூற்றிருபத்தைந்து போதும். ஆசைப்பட்டு நூற்றைம்பது வாங்கினால், கம்பியை முழுக்க உள்ளே செருகினாலும் சீட்டு மேலே எழும்பி நிற்கும்போது அவள் கால் பெடலை எட்டாது. குழாய்க்குள் எவ்வளவு ஆழம் போகும் என்பதை ஒரு ஈர்க்குச்சியை விட்டுப் பார்த்துக் குறித்தாள். மூன்று கணக்கையும் நோட்டுத் தாளில் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினாள். கல்யாணப் பொருத்தம்கூட அவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை.

டில்லிபாபு அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தால் என்ன என்று கேட்டார்.

“முன்ன பின்னலாம் ஆவாது நைனா. பாயிண்ட் கணக்கு அது. சைஸு மாறுனா எனுக்கு வோணாம், பழசே போதும்.”

அவர் சிரித்துக்கொண்டார். இந்த மாதிரி எச்சரிக்கையெல்லாம் கையில் தொழில் இல்லாதவர்களுக்குச் சொல்லி வைத்தது என்று அவர் எண்ணம்.

நகரத்துக் கடைகளில் விசாரித்தார்கள். அவளுடைய அளவு கையிருப்பில் இல்லை, சொல்லி வைத்தால் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். தேர்வுக்கு இருந்தது ஆறு வாரம். நர்மதா சரி என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றால், சுவரில் ஒட்டிய தாளைக் கிழிக்கவில்லை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் போனாள். பெற்றவனுக்கு அது போதாதா? டில்லிபாபு மறுநாளே அந்தத் தாளைப் படம் பிடித்து ஃபவாஸுக்கு அனுப்பினார்.

ஃபவாஸ் அவருடைய பால்ய தோஸ்து. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கப்பல் சிங்கப்பூரில் நின்றிருந்தது, மூன்று வாரத்தில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வர வேண்டும். அவன் சிங்கப்பூரில் நாலு கடை ஏறி இறங்கினான். கப்பல் வந்த அன்று காசிமேட்டுக்கு வந்து பொட்டலத்தைக் கொடுக்கும்போது அவன் முகம் சரியாக இல்லை.

“மாமு, இறங்குற அளவு கரீட்டு, நீளம் கரீட்டு. தடிமன்தான் நீ கேட்டது கெடைக்கல. இது முப்பத்தொன்னு பாயிண்ட் ஆறு. வோணாம்னா குடு, அடுத்த ட்ரிப்புல மாத்திகினு வர்றேன்.”

அடுத்த முறை அவன் வருவதற்குள் தேர்வு முடிந்து தீபாவளியே வந்துவிடும். டில்லிபாபு பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்பாக, வழவழவென்று, கைக்கு அடக்கமாக இருந்தது. அவர் மனதுக்குள் கழித்தலைப் போட்டார். மில்லிமீட்டரில் பத்தில் ஏழு பங்கு. தலைமயிர் பத்தைச் சேர்த்துப் பிடித்தால் வருகிற கனம். இதற்காகவா ஒரு பிள்ளை சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வது?

எஞ்சின் வேலை தெரிந்தவர்களுக்கு இந்தப் பாயிண்ட் ஏழு ஒரு பொருட்டே இல்லை. சிலிண்டர் தேய்ந்துபோனால் அதைக் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஓவர் சைஸ் என்பார்கள். முதல் ஓவர் சைஸ் கால் மில்லி, இரண்டாவது அரை மில்லி, மூன்றாவது முக்கால் மில்லி. மூன்றாவது ஓவர் சைஸில் ஓடுகிற படகுகள் துறைமுகத்தில் எத்தனையோ. கம்பெனிக்காரனே அதற்கு இடம் வைத்துத்தான் இரும்பை வார்க்கிறான். சைக்கிள்காரன் அப்படி இடம் வைக்கவில்லை என்பதுதான் டில்லிபாபுவுக்குத் தெரியாமல் போனது. அவர் அறியாதவர் இல்லை, வேறொன்றை நன்றாக அறிந்தவர். அதுதான் வினை.

அது மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்க, பட்டறையில் பிரித்துப் போட்ட எஞ்சின்கள் கால் வைக்க இடமில்லாமல் கிடந்தன. அவ்வளவு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, நர்மதா கல்லூரிக்குப் போன ஒரு பகலில் சைக்கிளைக் கொண்டுவந்து மேசையில் கட்டினார். அவசரப்பட்டார் என்று சொல்ல முடியாது. குழாய் வாயின் கனத்தை வெர்னியரால் அளந்தார். தாராளமாக இருந்தது. சுற்றிலும் கால் மில்லிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் மிச்சம் நிறையவே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ரீமரைக் கையில் எடுத்தார். துளையைச் சுரண்டிச் சுரண்டிப் பெரிதாக்குகிற அந்தக் கருவியை அவரளவுக்குப் பக்குவமாகத் திருப்ப அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஆனால் சிலிண்டர் மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே கனமாக இருக்கும். சைக்கிள் குழாயை எடை குறைய வேண்டுமென்று வாயருகே தடிப்பாகவும் ஒரு சாணுக்குக் கீழே மெல்லிசாகவும் இழுத்திருப்பார்கள். வெர்னியர் அவ்வளவு தூரம் எட்டாது, அவருக்கும் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அலுமினியத் தூளை ஊதிவிட்டு, துணியால் துடைத்து, புதுக் கம்பியை உள்ளே விட்டார். தொட்டும் தொடாமலும், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. கம்பியின் அடியில் பொறித்திருந்த 31.6 என்ற எண்ணும் குழாய்க்குள் போய் மறைந்தது. அவருக்கு அன்று வயிறு நிறைந்துவிட்டது.

சாயங்காலம் வந்த நர்மதா சைக்கிளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். நெம்பை அழுத்தியபடி சீட்டைக் கையால் அமுக்கினாள், இறங்கியது. கையை எடுத்துவிட்டு நெம்பை அழுத்தினாள், ஏறியது. பத்துத் தடவை இறக்கி ஏற்றினாள். முத்தம்மாவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினாள். பிறகு அப்பாவிடம் வந்து, சைஸ் சரியா நைனா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

“கரீட்டா பூந்துச்சு கண்ணு,” என்றார் அவர்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவருக்கே நாக்குத் தடுமாறியிருக்கும். ஜானட் மேடத்திடம் அவளே சொல்லிக்கொண்டாள், சரியான அளவில் அப்பா வரவழைத்துவிட்டார் என்று. ஜானட் வந்து மேலோட்டமாகப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்திருந்த கம்பியை வெளியே உருவிப் பார்க்க அவருக்கும் காரணமில்லை.

அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பெண் பறந்தாள். டில்லிபாபு இரண்டு முறை மொபெட்டில் பின்னாலேயே எண்ணூருக்குப் போய்ப் பார்த்தார். சாம்பல் மேட்டு உச்சியில் ஒரு கணம் தெரிவாள். அடுத்த கணம் சீட்டு இறங்கும், உடம்பு தாழும், புகை கிளப்பிக்கொண்டு அவர் காலடிக்கு வந்து நிற்பாள். முன்பெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். இப்போது மூடவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் குஞ்சு நிஜமாகவே பொன்தான் என்று அவருக்குத் தோன்றியது. மேட்டில் நின்றிருந்த யாரோ ஒரு லாரி டிரைவரிடம், அது நம்ம பொண்ணு என்று கேட்காமலே சொன்னார்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நர்மதா பட்டறைக்கு வந்தாள். வழக்கமாக வாசலோடு பேசிவிட்டுப் போகிறவள், உள்ளே வந்து டீசல் கேன் மேல் உட்கார்ந்து அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் ஓவர் சைஸ் போட்டுக் கொடுத்த படகு ஏதாவது நடுக்கடலில் நின்றிருக்கிறதா என்று கேட்டாள். டில்லிபாபு நிமிர்ந்தார். முப்பது வருடத்தில் ஒன்றைக் காட்டச் சொல் பார்ப்போம் என்று ஆரம்பித்து, புயலில் மாட்டித் திரும்பி வந்த படகுகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி நைனா என்று எழுந்து போனாள். பிள்ளைக்குப் போட்டி நேரத்துப் படபடப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தேர்வு செங்குன்றத்தைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரியில் நடந்தது. பதினேழு பெண்கள், நாலு சுற்று. குவாரியின் விளிம்பிலிருந்து அடிக்கு இறங்குகிற சரிவுதான் பாதையிலேயே மோசமான இடம், கல்லும் பள்ளமுமாகச் சுவர் போல நின்றது. டில்லிபாபு அதன் அடியில் போய் நின்றுகொண்டார். முதல் சுற்றில் நர்மதா ஐந்தாவதாக இறங்கினாள். இரண்டாவது சுற்றில் மூன்றாவது. மூன்றாவது சுற்றில் அவளுக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். மற்றவர்கள் விளிம்பில் பிரேக்கைப் பிடித்துத் தயங்குகிற இடத்தில் அவள் தயங்கவே இல்லை. ஜானட் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவதாக வந்தாலும் போதும். இன்னும் ஒரு சுற்று, ஒரு இறக்கம்.

நாலாவது சுற்றில் விளிம்பில் முதலில் தெரிந்தது நர்மதாவின் தலைக்கவசம்.

சீட்டைத் தாழ்த்தினாள், இறங்கினாள். பாதிச் சரிவில் ஒரு கல் மேடு உண்டு. சைக்கிள் அதில் ஏறித் தூக்கி, தரையில் வந்து உட்கார்ந்தது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டில்லிபாபுவின் காது உலோகத்தோடு முப்பது வருடம் பழகிய காது. மகள் விழுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. சீட்டு கம்பியோடு பின்பக்கம் சாய்ந்தது, பின்சக்கரம் கோணிக்கொண்டது, தோள்பட்டை தரையில் மோத, அவள் இரண்டு முறை உருண்டாள். பின்னால் வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளை ஒதுக்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர் ஓடினார். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

நர்மதா எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை மட்டும் அசைக்க முடியாமல் மடியில் கிடந்தது. வலிக்கிறதா என்று அவர் கேட்டபோது, இறங்கிப் போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூணு, நாலு என்று சொல்வதை அவர் பார்த்தார். நாலுக்கு மேல் அவள் எண்ணவில்லை.

முதலுதவி டாக்டர் காறை எலும்பு முறிந்திருக்கும், படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கையைத் தூளியில் கட்டிவிட்டார். ஜானட் சைக்கிளை நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் குனிந்து பார்த்தார். மேல் பைப் வந்து ஒட்டுகிற இடத்தில் சீட்டுக் குழாய் நீளவாக்கில் பிளந்து வாயைத் திறந்திருந்தது. ஜானட் உள்ளே விரலை விட்டுத் தடவினார். கம்பியை உருவி அதன் அடியில் இருந்த எண்ணைப் படித்தார். பிறகு மெதுவாக எழுந்து நின்றார்.

“கம்பெனில இப்படி வராது. இதை யாரோ குடைஞ்சிருக்காங்க. யாரு?”

டில்லிபாபு வாயைத் திறந்தார். திறந்தது நிஜம்.

“நான்தான் மேடம் குடையச் சொன்னேன்,” என்றாள் நர்மதா. “தெரிஞ்ச எடத்துல குடுத்துப் பண்ணேன்.”

ஜானட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அது கோபத்திலா துக்கத்திலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. கழுத்து முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். இரண்டு வருட உழைப்பைத் தொழில் தெரியாத எவனோ ஒருத்தன் கையில் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாயே என்றார். நிபந்தனையை முதல் நாளே சொன்னேன், எலும்பு கூடிய பிறகும் கிளப்புக்கு வர வேண்டாம், சைக்கிளை இந்த வாரத்தில் கொண்டுவந்து போட்டுவிடு என்றார். அந்தத் தொழில் தெரியாதவன் இரண்டடி தள்ளி, செருப்பில்லாத காலோடு நின்றிருந்தான். முப்பது வருடத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இப்போது சொன்னவருக்கோ, யாரைச் சொல்கிறோம் என்பதே தெரியாது. நான்தான் அம்மா அது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சை அவர் விடவில்லை. அதை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை, அவரும் பின்னால் மறைக்கவில்லை. மானம் போகிற நேரத்தில் மனிதனுக்கு வாய் அடைத்துவிடுகிறது, பெற்ற பிள்ளை எதிரில் இருந்தாலும் அடைத்துவிடுகிறது.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்துச் சைக்கிளை ஏற்றினார்கள். முன்னால் உட்காரச் சொன்னால் அவள் கேட்கவில்லை, பின்னால் சைக்கிளோடு ஏறிக்கொண்டாள். அவரும் ஏறி எதிரில் உட்கார்ந்தார்.  மாதவரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் வண்டி நின்றபோது அவர் திடீரென்று பலகையைத் தட்டினார். திரும்பிப் போகலாம் என்றார்.

“மேடம் கைல நான் சொல்றேன். நான்தான் பண்ணேன், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றேன். உன்ன வுட்டுடுவாங்க. உம்மேல இன்னா தப்பு கீது?”

நர்மதா வண்டியின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனுக்குத் தெரியும் நைனா,” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வியாழக்கிழமை கம்பிக்குக் கிரீஸ் தடவலாம் என்று உருவியபோது எண்ணைப் பார்த்துவிட்டாள். குழாய்க்குள் விரலை விட்டபோது சுரண்டிய கோடுகளும் கைக்குத் தட்டுப்பட்டன. ஜானட் மேடத்திடம் சொல்லியிருந்தால் அவர் வேறு சைக்கிள் கொடுத்திருப்பார், பழைய சைக்கிள்தான், ஆனால் கொடுத்திருப்பார். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாளாம்.

“அப்பால ஏன் கண்ணு அதுல ஏறுன?”

“நீ பண்ணா தாங்கும்னு நெனச்சேன்.”

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னாள், அவ்வளவுதான். லாரிகள் நகர்ந்தன, வண்டி கிளம்பியது. டில்லிபாபு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அவள் நல்ல கையை நீட்டி அவர் முழங்கால்மேல் வைத்தாள். வண்டி குலுங்கியபோது வலித்திருக்க வேண்டும், எடுத்துவிட்டாள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, காறை எலும்பு முறிவுதான் என்று உறுதி செய்து, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முத்தம்மா இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள். அடுத்த இரண்டு நாள் டில்லிபாபு பட்டறையைத் திறக்கவில்லை. படகுக்காரர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் சைக்கிளைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் மேசையில் படுக்க வைத்தார். ஜானட்டிடம் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. பிளவைக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், வெர்னியரை எடுத்தார். இந்தத் தடவை ஒரு சாண் ஆழத்தில் குழாயின் கனம் எவ்வளவு என்று ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்து உள்ளே விட்டு ஒழுங்காக அளந்தார். அளந்ததைச் சுவரில் கரியால் எழுதினார். அவர் மனம் அதுபாட்டுக்கு வேலையில் இறங்கிவிட்டது, அதை என்ன செய்ய முடியும்? நிமிர்ந்தபோது நர்மதா தூளிக் கையோடு வாசலில் நின்றிருந்தாள்.

அவர் மளமளவென்று பேச ஆரம்பித்தார். ராயபுரத்தில் அலுமினியம் வெல்டு செய்கிற ஆள் ஒருத்தன் இருக்கிறான். பிளந்த இடத்தை மூடி, வெளியே ஒரு பட்டை வைத்து, உள்ளே சட்டை போல ஒரு மெல்லிய குழாயைக் கோத்தால் பழைய முப்பது புள்ளி ஒன்பதுக்கே கொண்டுவந்துவிடலாம். முன்பைவிட பலமாக நிற்கும். மேடத்திடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டலாம், காட்டி உண்மையையும் சொல்லலாம். பேசப் பேச அவருக்கே அதில் நம்பிக்கை வந்தது.

அவள் முழுவதும் கேட்டாள்.  பிறகு உள்ளே வந்து, அவர் கையிலிருந்த வெர்னியரை மெதுவாக வாங்கி மேசைமேல் வைத்தாள்.

“வோணாம் நைனா,” என்றாள். “ஒடஞ்சது ஒடஞ்ச மாதிரியே குடுத்துடலாம். நீ இத்த தொடாத.”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் டில்லிபாபு தாங்கியிருப்பார். சரி கண்ணு என்றார், மேசையிலிருந்து விலகி நின்றார். அவள் ஒற்றைக் கையால் சைக்கிளைச் சாய்த்துக் கீழே இறக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதவிக்கு அவரைப் பார்க்காமல், வாசலில் போய்க்கொண்டிருந்த ஒரு வலைக்காரரைக் கூப்பிட்டாள்.